விசம்பூரில் ஒரு புனித வெள்ளி: கணுக்காலும் 118 யூரோவும் போன கதை

ஊர் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக் கேட்டால் நம்மூர்ப் பெயர் மாதிரியே இருக்கும். விசம்பூர். ஜெர்மானியர்கள் வைசன்புர்க் என்பார்கள். பிரான்சின் வடகிழக்கு மூலையில், அல்சாஸ் பகுதியில், ஜெர்மன் எல்லையை ஒட்டி 7,500 பேர் போல இருக்கும் சின்ன ஊர். லௌட்டர் என்று ஓர் ஆறு, ஆறு என்றால் நம்மூர் வாய்க்கால் அகலம்தான், ஊருக்குள் நாலைந்து கிளையாகப் பிரிந்து வீடுகளின் பின்சுவரை நக்கிக்கொண்டு ஓடும். நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில். அங்கிருந்து விண்டன் என்ற ஊரில் ரயில் மாறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். 2025ல் மாதம் 58 யூரோ கொடுத்து வைத்திருந்த டாய்ச்லாண்ட் டிக்கெட்டே (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகும் மாதாந்திர டிக்கெட்) விசம்பூர் ஸ்டேஷன் வரை செல்லும் என்பதால் தனியாகப் பயணச் செலவும் இல்லை. இவ்வளவு வசதியான ஓர் இடத்துக்குப் போய் எப்படி ஒரு நாளையும், பணத்தையும், பத்து நாள் நடக்கிற தெம்பையும் தொலைத்தேன் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2025 ஏப்ரல் 18, புனித வெள்ளி. மறுநாள் இரவு நண்பர்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வியாழக்கிழமை கடைக்குப் போக மறந்துவிட்டேன். ஜெர்மனியில் புனித வெள்ளியன்று ஒரு கடை திறக்காது, சனிக்கிழமை திறக்கும் ஆனால் ஊரே உள்ளே நிற்கும். அப்போதுதான் அந்த அதிபுத்திசாலி யோசனை வந்தது. பிரான்சு மதச்சார்பற்ற நாடு, அங்கே புனித வெள்ளி விடுமுறை கிடையாது, எல்லை தாண்டினால் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், சீஸ், மீன், ரொட்டி எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். பிரான்சின் அரசு விடுமுறைப் பட்டியலைக்கூடத் தேடிப் பார்த்தேன். 11 நாட்கள், புனித வெள்ளி அதில் இல்லை. முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியில் அம்மாவிடம் வீடியோவில் பேசிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும், “பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா எவன்டா கடை திறப்பான்?” என்றார். நான் சிரித்தேன். காரைக்காலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பிரான்சைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஊர், தாத்தா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்தால், ஊர் தூங்குகிறது. சூப்பர்மார்க்கெட் ஷட்டர் மூடியிருக்கிறது. ரொட்டிக்கடைக் கதவில் கையால் எழுதிய அட்டை, நண்பகல் வரைதான் என்று. மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்குகூட எரியவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இணையத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று. தப்பு இணையத்தில் இல்லை. நான் பிரான்சின் பட்டியலைப் பார்த்தேன், அல்சாசின் பட்டியலைப் பார்க்கவில்லை. மற்ற பிரான்சுக்கு 11 விடுமுறை என்றால் அல்சாசுக்கும் பக்கத்து மொசெல் மாவட்டத்துக்கும் 13. கூடுதலாக வரும் இரண்டு, புனித வெள்ளியும் டிசம்பர் 26ம். அதிலும் புனித வெள்ளி, புராட்டஸ்டண்ட் கோயிலோ, கத்தோலிக்கர் புராட்டஸ்டண்ட் இரு பிரிவினருக்கும் பொதுவான கோயிலோ இருக்கும் ஊர்களுக்கு மட்டும். விசம்பூரில் புராட்டஸ்டண்ட் கோயில் இருக்கிறது.

ஏன் இப்படி என்பதை எனக்குச் சொன்னவர் ஆற்றோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். எண்பது தாண்டியிருக்கும். எதிரே உப்பு வீடு. 1448ல் கட்டியது, முதலில் மருத்துவமனையாக இருந்து பிறகு உப்புக் கிடங்கானது. அதன் கூரைதான் விசேஷம். செங்குத்தாக மேலே போகும் ஓட்டுக்கூரையில், கண் இமை பாதி திறந்த மாதிரி வரிசை வரிசையாகக் காற்றுத் திறப்புகள். எங்கள் பக்கம் வேதாரண்யத்தில் உப்பு மேட்டைக் கீற்றால் மூடி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, உப்புக்கு இவ்வளவு பெரிய வீடா என்று இருந்தது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவராகவே பேச்சுக் கொடுத்தார். எனக்குப் பிரெஞ்சு நாலு வார்த்தை. என் அரைகுறை ஜெர்மனுக்கு அவர் தன் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னார், முக்கால்வாசி புரிந்தது. இந்த ஊரில் வயதானவர்களிடம் தயங்காமல் ஜெர்மன் பேசுங்கள். இளைஞர்களிடம் அது எடுபடாது. அவர் பேத்திக்கே அந்தப் பேச்சு வராதாம்.

அவருடைய தாத்தா பிறந்தது 1868ல், பிரெஞ்சுக் குடிமகனாக. 1870 ஆகஸ்ட் 4 அன்று இந்த ஊரில் சண்டை நடந்தது. பிரான்சுக்கும் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்கும் நடந்த போரில் அல்சாஸ் மண்ணில் விழுந்த முதல் அடி அதுதான். ஊருக்குத் தெற்கே தெரிந்த கைஸ்பெர்க் மேட்டைக் கைத்தடியால் காட்டினார். பிரெஞ்சுத் தளபதி அபெல் துவே அன்று செத்துப் போனார், அவர் படையில் அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவந்த சிப்பாய்களும் இருந்தார்கள். 1871ல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போயிற்று, தாத்தா மூன்று வயதில் ஜெர்மானியர் ஆனார். 1918ல் மறுபடி பிரெஞ்சு. 1940ல் மறுபடி ஜெர்மன். போர் முடிந்தபோது மறுபடி பிரெஞ்சு. நாலு தடவை நாடு மாறியும் தாத்தா வீடு மாறவில்லை, 1939 செப்டம்பரில் எல்லையோர ஊர்களை மொத்தமாகக் காலி செய்து நடு பிரான்சில் லிமோஜ் பக்கம் கொண்டுபோய் வைத்த அந்த ஒரு வருஷத்தைத் தவிர. பெரியவரின் அப்பாவை 1942க்குப் பிறகு ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்து ரஷ்யா பக்கம் அனுப்பினார்களாம். அப்படிப் போனவர்கள் அல்சாஸ், மொசெல் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 1,30,000 பேர். இங்கே அவர்களை “எங்கள் விருப்பத்துக்கு மாறாகப் போனவர்கள்” என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அல்சாசில் பல ஊர் நினைவுத்தூண்களில் பாருங்கள், “பிரான்சுக்காக மாண்டவர்கள்” என்று இருக்காது, “எங்கள் மாண்டவர்களுக்கு” என்று மட்டும் இருக்கும், ஏனென்றால் எந்தச் சீருடையில் செத்தார்கள் என்று கல்லில் வெட்ட முடியாது. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார்.

சரி, விடுமுறை விஷயம். 1905ல் பிரான்சு அரசும் மதமும் தனித்தனி என்று சட்டம் போட்டபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது. அதனால் அந்தச் சட்டம் இங்கே வரவே இல்லை. திரும்பி வந்தபோது, பழகிப்போன சட்டங்களை விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் பிடிவாதம் பிடிக்க, 1924ல் அதையே முறைப்படி வைத்துக்கொள்ள பாரிஸ் ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் பாதிரியாருக்கும் பாஸ்டருக்கும் யூத மதகுருவான ரபிக்கும் இங்கே அரசு சம்பளம் கொடுக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் தனித் திட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பு மற்ற பிரான்சைவிடக் கறார். ரயில்கூட மற்ற பிரான்சில் இடது தண்டவாளத்தில் போகும், இங்கே ஜெர்மன் வழக்கப்படி வலதில். ஆக, நான் எல்லை தாண்டி வேறு நாட்டுக்கு வந்துவிட்டேன், ஆனால் விடுமுறை விஷயத்தில் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. எல்லையோர ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: இப்போது எந்தக் கொடி பறக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், முன்னால் யார் ஆண்டார்கள் என்றும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைக்காகப் போகிறவர்களுக்கு நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதற்காகவே பாதி இதை எழுதுகிறேன். புனித வெள்ளி, டிசம்பர் 26, ஈஸ்டர் திங்கள், மே 1, நவம்பர் 1, இந்த நாட்களில் இரண்டு பக்கமும் மூடியிருக்கும், போகாதீர்கள். ஜெர்மனி மூடியிருந்து அல்சாஸ் திறந்திருக்கும் நாட்கள் அக்டோபர் 3, அப்புறம் ஃப்ரோன்லைச்னாம் என்ற வியாழக்கிழமைத் திருநாள் (ஈஸ்டர் கழிந்து அறுபதாம் நாள், கார்ல்ஸ்ரூஹே இருக்கும் பாடன் பக்கமும், விசம்பூரை ஒட்டிய ஜெர்மன் பகுதியான பால்ஸ் பக்கமும் விடுமுறை). நம் ஆட்கள் போக வேண்டியது அன்றைக்குத்தான். தலைகீழாக மே 8, ஜூலை 14, நவம்பர் 11 மூன்றும் பிரான்சு விடுமுறை, ஜெர்மனியில் சாதாரண நாள்.

பெரியவரிடம் விடைபெற்றுக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போனேன். பேதுரு பவுல் பெயரில் இருக்கும் அது 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அல்சாசில் ஸ்ட்ராஸ்பூர் கதீட்ரலுக்கு அடுத்த பெரிய கோயில். உள்ளே சுவரில் புனித கிறிஸ்டோபர் படம், 11 மீட்டர் உயரம், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த இடத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு மடம் இருந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்த மடத்தில் இருந்த ஓட்ஃப்ரிட் என்ற துறவி, எல்லாரும் லத்தீனில் எழுதிக்கொண்டிருக்கும்போது நாம் நம் மொழியில் கடவுளைப் பாடினால் என்ன என்று கேட்டு, இயேசுவின் கதையைப் பழைய ஜெர்மனில் இயைபு வைத்துப் பாட்டாக எழுதினார். பெயர் தெரிந்த முதல் ஜெர்மன் கவிஞர் அவர்தான். அவர் ஊர் இன்றைக்குப் பிரான்சில் இருக்கிறது. இதே ஊரில்தான் போலந்தில் அரியணை இழந்த ஸ்தானிஸ்லாஸ் ராஜா 1719லிருந்து கடன் வாங்கிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். 1725ல் திடீரென்று பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயிக்கு அவர் மகளைப் பெண் கேட்டு ஆள் வந்தது. சம்பந்தம் பேச வந்த குதிரை வண்டியை இந்தத் தெருவில் கற்பனை செய்து பார்த்தேன், பசி கொஞ்சம் மறந்தது.

மறந்தது கொஞ்ச நேரம்தான். ஒரே ஓர் உணவகம் திறந்திருந்தது, நான் உள்ளே நுழைந்தபோது இரண்டு பத்து. சமையலறை இரண்டு மணிக்கு மூடிவிட்டது, மறுபடி மாலைதான் என்றார் பரிமாறும் பெண். இது பிரான்சு முழுக்க உள்ள வழக்கம், அவர் மேல் குறை இல்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காப்பிதான். காப்பி குடித்தேன், கூடவே வந்த சின்ன பிஸ்கட் ஒன்று. அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வருவது. ஆனால் வெறுங்கையோடு திரும்ப மனசு வரவில்லை. வடக்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஷ்வைகன் என்ற ஜெர்மன் கிராமம், அங்கே திராட்சைத் தோட்டக்காரர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேர் சாலையில் போயிருந்தால் அரை மணி நேரம். நான் காட்டு வழியாகச் சுற்றிப் போகிறேன் பேர்வழி என்று முண்டாட் காட்டுக்குள் நுழைந்தேன்.

அந்தக் காடும் ஒரு கதைதான். ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். ஜெர்மன் மண், ஆனால் விசம்பூருக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் போர் முடிந்ததும் பிரான்சு அதை விட மனசில்லாமல் 1949ல் தற்காலிகமாகத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அந்தத் தற்காலிகம் 1986 வரை நீடித்தது. திராட்சைத் தோட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1815க்கு முன்னால் வடக்கே லாண்டாவ் வரை பிரான்சுதான். நெப்போலியன் தோற்றதும் எல்லையை லௌட்டர் பக்கம் இறக்கிப் போட்டார்கள். திராட்சைக் கொடியை நட்டு வைத்திருந்தவனுக்கு எல்லைக்கோடு தெரியுமா என்ன. இன்றைக்கும் ஷ்வைகன் விவசாயிகளின் கொடிகள் பிரெஞ்சு மண்ணில் நிற்கின்றன, பழத்தைப் பறித்து ஜெர்மன் பக்கம் கொண்டுபோய்ப் பிழிந்து பால்ஸ் பகுதி ஒயின் என்றே விற்கிறார்கள், அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

இதையெல்லாம் போனில் படித்துக்கொண்டே நடந்ததுதான் வினை. காட்டில் கஷ்கொட்டை மரங்கள், போன வருஷத்து முள்கூடுகள் சருகுக்கு அடியில் கிடக்கின்றன. இறக்கத்தில் ஒரு குவியல் மேல் வலது கால் வைத்தேன், உள்பக்கமாக மடங்கியது, ஒரு சத்தம் கேட்டது. தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பார்ப்பதற்குள் கணுக்கால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. போனில் 4 சதவீதம். காலையிலிருந்து அம்மாவோடு வீடியோ, பிறகு வரைபடம், அதோடு எல்லைப் பக்கத்தில் போன் ஒரு நிமிஷம் பிரெஞ்சு நெட்வொர்க், மறு நிமிஷம் ஜெர்மன் நெட்வொர்க் என்று தாவித் தாவியே சார்ஜைத் தின்றுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. நண்பனுக்கு ஒரு செய்தி தட்டினேன், போனதா தெரியாது, திரை கறுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அழுதேன். வலியால் இல்லை. இந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று உலகத்தில் ஓர் ஆளுக்கும் தெரியாதே என்ற நினைப்பால். அப்போதே 112க்கு அடித்திருக்கலாம், எந்த நெட்வொர்க்கிலும் போகும் இலவச எண், இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். கால் சுளுக்குக்கு ஆம்புலன்சா என்று கூச்சப்பட்டேன். கடைசிச் சார்ஜைக் கூச்சத்துக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஒரு கொம்பை ஊன்றிக்கொண்டு, பத்து அடிக்கு ஒரு தடவை நின்று நின்று, காட்டைவிட்டு வெளியே வர ஒன்றேகால் மணி நேரம். ஷ்வைகனின் ஒயின் வாசல், 1936ல் கட்டிய பெரிய கல் வாசல், கண்ணில் பட்டபோது ஆறு மணி. பஸ் நிறுத்தத்தில் விடுமுறை அட்டவணை, கடைசி பஸ் போய்விட்டது. சாலையோரம் போலீஸ் வண்டி நின்றது. 2024 செப்டம்பர் 16லிருந்து ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனை செய்யத் தொடங்கியிருந்தது. எல்லைச் சோதனை இல்லாமல் ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் ஷெங்கன் ஏற்பாடு வந்தபின் மறந்துபோயிருந்த எல்லை, மறுபடி முளைத்திருந்தது. கையில் கொம்போடு நொண்டிக்கொண்டு காட்டுப் பக்கமிருந்து வரும் ஒருவனை நிறுத்தாமல் யாரை நிறுத்துவார்கள்? குடியிருப்பு அட்டையைக் கொடுத்தேன். பாஸ்போர்ட் எங்கே? வீட்டில். ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தால் பக்கத்து ஷெங்கன் நாட்டுக்கு 180 நாளில் 90 நாள் வரை போகலாம், ஆனால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். அட்டை மட்டும் போதாது. இது தெரியாமல்தான் நாலு வருஷமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். கணினியில் சரிபார்க்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மரியாதையாகத்தான் நடத்தினார்கள், உட்கார நாற்காலி கொடுத்தார்கள், அபராதம் போடவில்லை, எச்சரித்து அனுப்பினார்கள். ஆனால் அந்த ஐம்பது நிமிஷமும் வயிற்றில் புளி கரைத்தது.

ரயிலுக்கு விசம்பூர் திரும்பவும் காலில்லை, டிக்கெட் போனுக்குள் இருக்கிறது, போன் செத்துவிட்டது. அங்கிருந்த சாப்பாட்டுக் கடையில் டாக்சிக்குச் சொல்லிவிட்டார்கள், கார்ல்ஸ்ரூஹே வரை 118 யூரோ. வண்டி வரும்வரை அதே கடையில் ஒரு தட்டு உருளைக்கிழங்கும் தயிரும் சாப்பிட்டேன், அன்றைய முதல் சாப்பாடு, 9 யூரோ. மறுநாள் மருத்துவமனையில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார்கள். பத்து நாள் மருத்துவ விடுப்பு, ஆறு வாரம் கணுக்கால் கட்டு. விருந்துக்கு வர இருந்த நால்வரும் அவர்களே பிரியாணி வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே விசம்பூர்ப் பக்கத்திலேயே மருத்துவம் பார்த்திருக்கலாமே என்று ஒரு தோழி கேட்டாள். பார்த்திருக்கலாம். ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை, நாம் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் பிரான்சில் அவசரச் சிகிச்சைக்கு அது செல்லும். விடுமுறை நாளில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்ற தகவல், மூடியிருக்கும் மருந்துக்கடை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். நான் அதன் முன்னால் நின்று கோபப்பட்டேனே தவிர ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லை. டாய்ச்லாண்ட் டிக்கெட்டைச் சில நிறுவனங்கள் பிளாஸ்டிக் அட்டையாகவும் தருகின்றன, நான் அதற்கு மாறிவிட்டேன். இன்னொன்று, அந்த டிக்கெட் விசம்பூரோடு முடிகிறது. அங்கே ஸ்ட்ராஸ்பூர் ரயில் தயாராக நிற்கிறதே என்று ஆசைப்பட்டு ஏறினால் தனி டிக்கெட் வேண்டும்.

ஜூன் 19, ஃப்ரோன்லைச்னாம் அன்று மறுபடி போனேன். பாஸ்போர்ட், பவர்பேங்க், தண்ணீர், கணுக்கால் கட்டு, எல்லாம் எடுத்துக்கொண்டு. எல்லாக் கடையும் திறந்திருந்தது. மீன் வாங்கினேன், மூன்று வகை சீஸ் வாங்கினேன், நடுவில் ஓட்டை வைத்த கூகல்ஹோப் கேக் ஒன்று, பன்னிரண்டேகாலுக்கே உட்கார்ந்து ஒரு ஃப்ளாமகூஷ் சாப்பிட்டேன், மெல்லிசாக இழுத்த மாவில் வெங்காயமும் வெண்ணெய்ப் பாலாடையும் போட்டு ஓரம் கருகச் சுட்டது. உப்பு வீட்டு எதிர்ப் பெஞ்சில் பெரியவர் இல்லை, பள்ளிக்கூடப் பையன்கள் உட்கார்ந்து பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே தயாராக வைத்திருந்தேன். விண்டன் வரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.